பேனா யார் கையில்?

நிரல் ஒன்று இன்னொரு நிரலிடமிருந்து ஒரு டிக்‌ஷனரியை வாங்கிக்கொள்கிறது. ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தேடித் தரும் தொகுப்புக்குக் கணினி மொழிகளில் அந்தப் பெயர். சில மொழிகளில் மேப் என்பார்கள். வாங்கிய நிரல் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்க்கலாமா, கூடாதா? மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் இதைக் கேட்பதற்கென்றே ஐஸ்ரீட்ஒன்லி என்று ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கிறது. கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். இவ்வளவு எளிதான கேள்விக்கு ஒரு அத்தியாயம் எதற்கு என்று தோன்றலாம். என் வாதம் இதுதான்: அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் நாம் கேட்டதற்கான பதிலும் இல்லை. நாம் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்தத் தொகுப்பு இனி மாறுமா என்பதை. அது சொல்வதோ, நீ வந்த வழியாக நீ மாற்ற முடியுமா என்பதை மட்டும். முன்னது பொருளைப் பற்றிய கேள்வி. பின்னது பேனாவைப் பற்றியது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி எழுதிய நிரல்கள் பல மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, கூட்டம் நெரிகிற ஒரு நாளில் நின்றுபோகும்.

கணினிக்கு வெளியே இதே சிக்கலை அறுபது, எழுபது ஆண்டுகளாகச் சமாளித்துவரும் ஒரு டிக்‌ஷனரி நம்மிடம் இருக்கிறது: வாக்காளர் பட்டியல். அடையாள அட்டை எண் கீ. பெயர், வயது, முகவரி, பாகம், வரிசை எண் எல்லாம் வேல்யூ. மைசூரின் கிருஷ்ணராஜா, சாமராஜா, நரசிம்மராஜா தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் இப்படியொரு பட்டியல் உண்டு. மற்ற நாட்களில் அதில் சேர்க்கலாம், நீக்கலாம், திருத்தலாம். ஆனால் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 23-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. ஒரு தொகுதியில் வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை, எந்தப் பதிவையும் திருத்தவோ இடம் மாற்றவோ நீக்கவோ கூடாது. புதிய பெயரைச் சேர்க்க உத்தரவிடவும் கூடாது. நிரலாளர் மொழியில் சொன்னால், பட்டியல் அந்த நிமிடத்தில் ரீட்-ஒன்லி ஆகிறது. சட்டம் எழுதியவர்கள் ஒரே வாக்கியத்தில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டதைக் கவனியுங்கள்: எதற்குத் தடை, எப்போதிலிருந்து தடை, எதுவரை தடை. ஆம், இல்லை என்ற ஒற்றைச் சொல் பதிலில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படி எழுதியும் சண்டை வந்தது. 1970-களில் கர்நாடகச் சட்ட மேலவையின் பீதர் உள்ளாட்சி அமைப்புகள் தொகுதியில், வேட்புமனு தாக்கலின் கடைசி நாளன்று, மனு வாங்கும் நேரமான மூன்று மணி கடந்த பிறகு சில பெயர்கள் பட்டியலில் ஏறின. தேதி அதே தேதிதான், நாள் இன்னும் முடியவில்லை. கடைசி நாள் என்பது நள்ளிரவுவரை நீள்கிறதா, மனு வாங்குவதை நிறுத்திய மூன்று மணியோடு முடிகிறதா? வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1977-இல் வந்த தீர்ப்பு, பட்டியலைப் பொறுத்தவரை கடைசி நாள் மனு வாங்கும் கடைசி மணியோடு முடிகிறது என்றது. யார் யாருக்கு வாக்கு உண்டு என்பது தெரிந்த நிலையில் போட்டி தொடங்க வேண்டும். போட்டியாளர்கள் யார் என்று தெரிந்த பிறகு வாக்காளர்களைச் சேர்க்க இடமிருந்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை. ஒரு தொகுப்பு பூட்டப்பட்டதா என்று கேட்பவர், எந்தக் கணத்தில் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்றைக் கணினிப் புத்தகங்களில்கூட நான் பார்த்ததில்லை.

வாக்குப்பதிவு நாளில் இந்தப் பூட்டு இன்னும் கறாரானது. வாக்குச்சாவடியின் தலைமை அலுவலருக்குக்கூடப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. பெயரில் ஓர் எழுத்து பிசகி அச்சாகியிருக்கிறது, வந்திருப்பவர் அவர்தான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்போதும் 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் அவருக்குத் தரும் உரிமை, அச்சுப் பிழையைப் பொருட்படுத்தாமல் வாக்களிக்க விடுவது மட்டுமே. பிழை பிழையாகவே பட்டியலில் இருக்கும். சரி, பட்டியலில் எழுத முடியாது என்றால் யார் வந்தார், யார் வாக்களித்தார் என்பதை எங்கே எழுதுவது? அலுவலர் கையில் இருப்பது பட்டியலின் ஒரு பிரதி. குறி அந்தப் பிரதியில் விழுகிறது. வாக்காளரின் வரிசை எண்ணும் கையெழுத்தும் 17ஏ என்ற தனிப் பதிவேட்டில் ஏறுகின்றன. மூலப் பட்டியலைத் தொடாமல், மாறும் தகவலை வேறிடத்தில் வைக்கும் ஏற்பாடு இது. 'சர்கார்' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பலருக்கும் மனப்பாடமான 49பி விதியும் இதே குடும்பம்தான்: உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டால், இயந்திரத்தில் பதிவானதை யாரும் அழித்து எழுதுவதில்லை, நீங்கள் தாளில் அளிக்கும் வாக்கு தனி உறையில் போகிறது.

ஆனால் ஒரு சாவடியின் பிரதி அந்தச் சாவடியை மட்டுமே அறியும். இரண்டு இடங்களில் பெயர் உள்ளவர் இரண்டாவது இடத்துக்குப் போனால், அங்குள்ள பிரதியில் அவர் பெயருக்கு எதிரே ஒரு குறியும் இருக்காது. இங்கேதான் மைசூர் வருகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல், அரக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கி இன்று கர்நாடக அரசு நிறுவனமாக இருக்கும் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ், 1962 பொதுத்தேர்தல் முதல் நாட்டின் தேர்தல்களுக்கு அழியாத மையைத் தயாரித்துத் தருகிறது. மையின் சேர்மானத்தை வகுத்தது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலிலுள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருக்கிறது. சோப்பு போட்டால் போகாது. மேல்தோல் உதிர வேண்டும், நகம் வளர்ந்து வெளியேற வேண்டும். நிரலாளராகப் பார்த்தால் இது அழகான வடிவமைப்பு. பட்டியலில் எழுத வழியில்லை, பிரதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. எனவே நிலைத் தகவலைத் தொகுப்பிலிருந்து எடுத்து வாக்காளரின் இடது ஆள்காட்டி விரலில் வைத்துவிட்டார்கள். ஒரு முறை எழுதலாம், சில வாரங்களுக்கு அழிக்க முடியாது, எந்தச் சாவடியிலும் படிக்கலாம்.

அதே மைசூரின் ஹெப்பாள் பக்கம், ஆண்டுதோறும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்கும் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் இருக்கிறது. அங்கோ அதுபோன்ற வேறொரு வகுப்பிலோ டாட் நெட் பழகுகிற ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு சிறிய சோதனையைச் செய்து பார்ப்போம். சாதாரண டிக்‌ஷனரி ஒன்றைத் திறந்து மூன்று வாக்காளர்களைப் போடுங்கள். அதை ரீட்ஒன்லி டிக்‌ஷனரி என்ற உறைக்குள் வையுங்கள். 2012-இல் டாட் நெட் 4.5 பதிப்பில் வந்த வசதி அது. உறையிடம் ஐஸ்ரீட்ஒன்லி கேளுங்கள்: ஆம். உறை வழியாக நான்காவது பெயரைச் சேர்க்க முயலுங்கள்: இந்தச் செயல் ஆதரிக்கப்படவில்லை என்று எக்ஸெப்ஷன் வீசும். இதுவரை எல்லாம் சரி. இப்போது உள்ளே இருக்கும் மூல டிக்‌ஷனரியில் நேராக நான்காவது பெயரைச் சேருங்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். மறுபடி உறையிடம் போய் எத்தனை பேர் என்று கேளுங்கள்: நான்கு. மாறாதது என்று நாம் நம்பியது மாறிவிட்டது. ஐஸ்ரீட்ஒன்லி கேளுங்கள்: இப்போதும் ஆம். மிட்டாய்க் கடையின் கண்ணாடிப் பெட்டி இப்படித்தான்: நம் பக்கத்திலிருந்து கை நுழையாது, முதலாளி பின்பக்கக் கதவைத் திறந்து தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பார்.

சோதனையை இன்னும் ஓர் அடி கொண்டுபோகலாம். உறையிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக அச்சிடும் ஒரு சுற்றை ஓட விடுங்கள். சுற்று நடுவில் இருக்கும்போது மூல டிக்‌ஷனரியில் ஒரு பெயர் சேரட்டும். அடுத்த பெயருக்கு நகரும் கணத்தில், தொகுப்பு மாற்றப்பட்டுவிட்டது என்ற எக்ஸெப்ஷன் வந்து நிரல் விழும். விழுவது எழுதியவர் அல்லர், படித்துக்கொண்டிருந்தவர். ரீட்-ஒன்லியா என்று முறையாகக் கேட்டு, ஆம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர் அவர். இந்தப் பிழையைத் தேடுகிறவர் முதலில் தன் நிரலில்தான் தேடுவார். அங்கே எழுதுகிற வரி ஒன்றுகூட இருக்காது. எழுதியவர் வேறொரு கோப்பில், வேறொரு த்ரெட்டில், தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருப்பார். இரண்டு பக்கமும் குற்றமில்லாமல் விபத்து நடப்பது இப்படித்தான்.

இது டிக்‌ஷனரிக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. டாட் நெட்டின் சாதாரண அரேயிடம் இதே கேள்வியை இரண்டு வாசல் வழியாகக் கேட்கலாம். ஐலிஸ்ட் என்ற பழைய இன்டர்ஃபேஸ் வழியாகக் கேட்டால், ரீட்-ஒன்லி இல்லை என்கிறது. உறுப்புகளின் மதிப்பை மாற்றலாமே. டைப் குறிப்பிடும் புதிய ஐகலெக்‌ஷன் வழியாகக் கேட்டால், ஆம், ரீட்-ஒன்லிதான் என்கிறது. சேர்க்கவும் நீக்கவும் முடியாதே. ஒரே அரே, ஒரே நொடி, இரண்டு பதில், இரண்டுக்கும் நியாயம் உண்டு. எழுதுவது என்பதே ஒரு செயல் இல்லை என்பதால் வந்த வினை இது: புதிய கீயைச் சேர்ப்பது ஒன்று, இருக்கும் கீயின் வேல்யூவை மாற்றுவது இன்னொன்று, நீக்குவது வேறொன்று. நம் தேர்தல் சட்டம் திருத்தல், இடம் மாற்றல், நீக்கல், சேர்த்தல் என்று தனித்தனியாகப் பட்டியலிட்டது வெறும் வக்கீல்தனம் என்று நினைத்தால் தவறு. பழைய ஐடிக்‌ஷனரியிலாவது அளவு மாறாதது என்பதற்கு ஐஸ்ஃபிக்ஸ்டுசைஸ் என்று தனியாக ஒரு கேள்வி இருந்தது. புதியதில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

பெயரை நம்புகிறவருக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஐரீட்ஒன்லிடிக்‌ஷனரி என்று ஓர் இன்டர்ஃபேஸ் உண்டு. வந்த பொருள் அந்த வகையைச் சேர்ந்ததா என்று சோதித்துவிட்டு, ஆம் என்றால் மாறாது என்று முடிவு செய்யும் நிரல்கள் உண்டு. ஆனால் எல்லோரும் தாராளமாக எழுதும் சாதாரண டிக்‌ஷனரியும் அந்த இன்டர்ஃபேஸை ஏற்றிருக்கிறது. அந்தச் சோதனை அதற்கும் ஆம் என்றுதான் சொல்லும். அதன் பெயருக்குப் பொருள், என் வழியாகப் படிக்கலாம் என்பது. படிக்க மட்டும்தான் முடியும் என்று அது எங்கும் உறுதி சொல்லவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே ஒரு மேப்பை ஃப்ரீஸ் செய்துவிட்டு, ஐஸ்ஃப்ரோசன் என்று கேட்டால் ஆம் என்று வரும். அதே மேப்பில் அடுத்த வரியில் செட் போட்டால் எந்த முனகலும் இல்லாமல் புதிய பதிவு ஏறும். உறைந்தது பொருளின் வெளிப்புற ப்ராப்பர்ட்டிகள். பதிவுகள் இருப்பது அந்த உறைதல் எட்டாத உள்ளறையில்.

இந்த இடத்தில் அனுபவமுள்ள நிரலாளர் குறுக்கிடுவார்: "ஆவணத்தைப் படிக்காமல் பயன்படுத்தினால் எந்தக் கருவியும் கையை வெட்டும். ரீட்-ஒன்லி என்பது பார்வைதான், உறைந்த பொருள் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறதே." எழுதியிருப்பது உண்மை. ஆனால் என் குறை, பதிலை அரைகுறையாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதோடு நிற்கவில்லை. முழுதாகப் புரிந்துகொண்டவருக்கும் அந்தப் பதிலால் என்ன பயன் என்பதே கேள்வி. படிக்க வந்தவருக்கு இது மாறுமா என்பது வேண்டும். அதை இது சொல்லாது. எழுத வந்தவருக்கு எழுதினால் நடக்குமா என்பது வேண்டும். அதற்குக் கேட்பதைவிட எழுதிப் பார்ப்பதே நம்பகமான வழி, ஏனெனில் கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் நிலைமை மாறலாம். யுனிக்ஸ் உலகம் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டது. ஒரு கோப்பைத் திறக்க அனுமதி உண்டா என்று ஆக்சஸ் என்ற அழைப்பால் கேட்டுவிட்டு, பிறகு திறக்காதே, அந்த இடைவெளியில் எதிராளி கோப்பையே மாற்றி வைக்கலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. பீதரில் மூன்று மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே இருந்தது போன்ற இடைவெளிதான். கணினியில் அது மைக்ரோ வினாடிகளில் அளக்கப்படுகிறது, அவ்வளவே.

ஜாவாவை வடிவமைத்தவர்கள் இதில் வேறு பாதையில் போனார்கள். 1998-இல் வந்த கலெக்‌ஷன்ஸ் நூலகத்தில் மாற்ற முடியாத மேப் உறை முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் நீ மாற்ற முடியாததா என்று அதனிடம் கேட்க ஒரு மெத்தட் கிடையாது. எழுதிப் பார், முடியாவிட்டால் எக்ஸெப்ஷன் வரும், அவ்வளவுதான். எழுதத்தக்கது, எழுதத்தகாதது, சேர்க்க மட்டும் கூடியது என்று ஒவ்வொன்றுக்கும் தனி இன்டர்ஃபேஸ் வைத்தால் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இதற்காக அவர்கள் வாங்கிய வசவு கொஞ்சமில்லை: கம்பைல் செய்யும்போதே பிடிபட வேண்டிய தவறு, ஓடும்போது வாடிக்கையாளர் முன்னால் வெடிக்கிறது என்பது. வசவு நியாயமானது. ஆனாலும், முழுப் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு இடமே கொடுக்காமல் விட்டதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது என் கட்சி. ஆப்பிள் சற்று வேறு விதமாக அதே முடிவுக்கு வந்தது. அப்ஜெக்டிவ்-சியில் மாறக்கூடிய என்எஸ்மியூட்டபிள்டிக்‌ஷனரி, மாறாத என்எஸ்டிக்‌ஷனரியின் வாரிசு. கைக்கு வந்த பொருள் உள்ளுக்குள் எந்த வகை என்று துருவிப் பார்க்காதே, கொடுத்தவர் எந்த வகை என்று அறிவித்தாரோ அதன்படி நட என்பது அவர்கள் தரும் அறிவுரை. பொருளை விசாரிக்காதே, ஒப்பந்தத்தைப் பார் என்று அதற்கு அர்த்தம்.

கேள்வியே வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. ஓர் இடத்தில் அது நன்றாகவே உழைக்கிறது: திரையில். அமைப்புகளைக் காட்டும் ஒரு ஜன்னல், வந்த டிக்‌ஷனரி எழுதத்தகாதது என்றால் 'சேர்' பொத்தானை மங்கலாகக் காட்டலாம். பதில் பழசாகிப்போனாலும் பெரிய சேதமில்லை. பொத்தானை அழுத்தும்போது எக்ஸெப்ஷன் வந்தால் பிடித்துக்கொள்ளலாம். கோப்பிலிருந்து தரவை மீட்டெடுக்கும் நூலகங்களும் இருக்கும் டிக்‌ஷனரியை நிரப்புவதா, புதியதை உண்டாக்குவதா என்று தீர்மானிக்க இதைக் கேட்கலாம். இரண்டிலும் அது குறிப்பு மட்டுமே, உத்தரவாதம் இல்லை. பயனருக்கு வழிகாட்டப் பயன்படும் தகவலைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

உத்தரவாதம் வேண்டுமென்றால் என்ன செய்வது? வாக்குச்சாவடி செய்வதைச் செய்யலாம்: பிரதி எடுப்பது. வந்த டிக்‌ஷனரியை நகல் எடுத்துக்கொண்டால், மூலத்தின் சொந்தக்காரர் அங்கே என்ன எழுதினாலும் நம் கையில் இருப்பது அசையாது. உடனே செலவுக் கணக்கோடு ஒருவர் எழுவார்: ஒவ்வொரு முறையும் நகல் எடுத்தால் நினைவகம் என்னாகும், நேரம் என்னாகும்? ஒரு சாவடியின் ஆயிரத்துச் சொச்சம் பதிவுகளுக்கு இந்தக் கவலை வீண். கண் இமைக்கும் நேரத்தில் பல முறை நகல் எடுக்கலாம். தொகுதி முழுவதும், மாநிலம் முழுவதும் என்று போனால் கேள்வி நியாயமாகிறது. அதற்குத்தான் கட்டமைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் மாறாத தொகுப்புகள் வந்தன. டாட் நெட்டின் இம்மியூட்டபிள் டிக்‌ஷனரி உள்ளே ஒரு சமநிலை மரம். அதில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னால் பழையதைத் தொடாமல் புதிய டிக்‌ஷனரியைத் திருப்பித் தருகிறது. அதற்காக மரம் முழுவதையும் நகல் எடுப்பதில்லை: மாற்றம் நேர்ந்த இலையிலிருந்து வேர்வரையுள்ள பாதையை மட்டும் புதிதாகக் கட்டி, மற்ற கிளைகளைப் பழைய மரத்தோடு பகிர்ந்துகொள்கிறது. பத்து லட்சம் பதிவுகள் இருந்தால் புதிதாக உண்டாவது சுமார் இருபது கணுக்கள். பழைய மரத்தைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. இதன் விலை தேடலில் தெரியும்; சாதாரண டிக்‌ஷனரி ஹாஷ் போட்டு நேராகப் பாயும் இடத்துக்கு, இது மரத்தின் கிளைகளில் இறங்கிப் போக வேண்டும்.

2023-இல் டாட் நெட் 8 கொண்டுவந்த ஃப்ரோசன் டிக்‌ஷனரி எதிர்த் திசையில் பேரம் பேசுகிறது. உண்டாக்கும்போது நிதானமாக எடுத்துக்கொண்டு கீகளை ஆராய்கிறது. அவற்றின் நீளம் என்ன, எந்த எழுத்துகளைப் பார்த்தாலே ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கலாம் என்றெல்லாம் பார்த்து, அந்தக் கீகளுக்கே தைத்த தேடல் முறையைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு எத்தனை முறை தேடினாலும் வேகம். வேட்புமனு முடிந்த பிறகான பட்டியல் போல, ஒருமுறை மூடி ஆயிரம் முறை படிக்கும் தரவுக்கு ஏற்றது. மணிக்கொரு தரம் மாறுகிற தரவுக்கு இதைப் பயன்படுத்துவது வீண்செலவு. இனி மாறாது என்ற உறுதி வெறும் தற்காப்பு மட்டுமில்லை, வேகத்துக்கான முதலீடும்கூட என்பது இதில் தெரிகிறது. மாறலாம் என்ற ஐயம் இருக்கும்வரை எந்த நூலகமும் இவ்வளவு துணிந்து வெட்டித் தைக்காது.

கடைசியாக, இந்தத் தீர்வுகளையே குத்தும் ஆட்சேபம் ஒன்று. டிக்‌ஷனரி உறைந்தது, சரி, வேல்யூ உறைந்ததா? வாக்காளர் பொருளின் முகவரி மாறக்கூடியதாக இருந்தால், மாறாத டிக்‌ஷனரிக்குள் இருந்தபடியே அது மாறும். நகல் எடுத்தாலும் பெரும்பாலும் கீயும் சுட்டியும்தான் நகலாகின்றன; சுட்டியின் மறுமுனையில் இருப்பது அதே பழைய பொருள். இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் இதுவரை பார்த்த மொழிகளில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆழம்வரை போய்ச் சோதிப்பதை அவற்றிடம் ஒப்படைக்க முடியாது. வேல்யூ வகைகளையும் மாறாதவையாக எழுதுவது நம் வேலை. ஆனால் பைத்தான் இதில் தற்செயலாக ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. அங்கே மாறாத டிக்‌ஷனரி வகை வேண்டும் என்று 2012-இல் விக்டர் ஸ்டின்னர் முன்வைத்த திட்டம் நிராகரிக்கப்பட்டது. பதிலுக்கு, மேப்பிங் ப்ராக்ஸி என்ற வெறும் பார்வை உறை அதே ஆண்டு 3.3 பதிப்பில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டி ரகம்தான். ஆனால் பைத்தானில் ஒரு பொருளிடம் ஹாஷ் கேட்பது, நீ மாறாமல் இருப்பாயா என்று மறைமுகமாகக் கேட்பதற்குச் சமம்: உள்ளே ஒரு லிஸ்டை வைத்திருக்கும் டியூப்பிளிடம் ஹாஷ் கேட்டால், டியூப்பிள் மாறாத வகை என்றாலும், உள்ளேயுள்ள லிஸ்டைத் தொட்டதும் மறுத்துவிடும். நாமே எழுதும் வகுப்புகள் அடையாளத்தை வைத்து ஹாஷ் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும் என்பதால் இதுவும் முழுச் சோதனை இல்லை. 2023-இல் வந்த 3.12 பதிப்பில் மேப்பிங் ப்ராக்ஸியிடமும் ஹாஷ் கேட்க வழி செய்தார்கள். கேட்டால் அது தானாகப் பதில் சொல்வதில்லை. உள்ளே இருப்பதிடம் கேள்வியைத் தள்ளிவிடுகிறது. உள்ளே சாதாரண டிக்‌ஷனரி இருந்தால் வரும் பதில், முடியாது என்பது.